நாற்பது மூடிகளும் மூன்று எழுத்துகளும்

எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. சரியாகச் சொன்னால் இரண்டு மாதமும் இருபத்தாறு நாளும். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த நம்பிக்கை திரும்பி வரவில்லை. வராமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

அப்போது எனக்கு இருபது வயது. பதுளைக் கடைவீதியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த கையோடு, ஹாலிஎலயிலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் வரும் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்தில் எனக்குச் சின்னக் கிளாக்கர் வேலை கிடைத்தது. மூன்று மாதம் வேலையைப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் கடைக்கே திரும்பி, மிளகாய் நிறுக்க வேண்டியதுதான். அப்பாவோ, "நம்ம பையன் தொரைக்குப் பக்கத்துல ஒக்காந்து இங்கிலீசுல எழுதறான்" என்று பதுளை முழுவதும் சொல்லி முடித்திருந்தார். (கருவாடு வாங்க வந்தவரைக்கூட அவர் விட்டதில்லை.) ஆகவே திரும்பிப் போவது என்பது எனக்கு நினைத்தும் பார்க்க முடியாத விஷயம்.

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. பெரிய கிளாக்கர் தன் மகள் கல்யாணத்துக்காகத் திருச்சிப் பக்கம் போயிருந்தார். ஆபீஸ் வேலை முழுவதும் என் தலையில். அது தலைக்கும் ஏறியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை துரை கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் ஏதோ வேலையாகப் பதுளைக்குப் போனார். மறுநாள் காலைதான் வருவார். அவர் குதிரை வளைவில் மறைந்த அரை மணியில் அவர் மனைவி துரைசாணியிடமிருந்து ஆள் வந்தது.

பங்களா வராந்தாவில் துரைசாணி மேசை நிறையக் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் தமிழைச் சமையற்காரனிடமும் தோட்டக்காரனிடமும் கற்றவர். உலகத்தில் எல்லோரும் அவருக்கு 'நீ'தான்.

"சின்னக் கிளாக்கர், உனக்கு இங்கிலீஷ் வார்த்தை நெறைய தெரியுமா?"

"எஸ் மேடம்."

"டிக்ஷனரி படிச்சிருக்கியா?"

"முழுக்கப் படிச்சிருக்கேன், மேடம்."

(படித்தது 'சி' வரை. அதுவும் பரீட்சைக்கு முந்தின வாரம்.)

விஷயம் இதுதான். கப்பலில் வரும் லண்டன் பத்திரிகை ஒன்றில் வார்த்தைப் போட்டி. ஏ, ஆர், எஸ் என்ற மூன்று எழுத்தும் உள்ளே இருக்கும் வார்த்தைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துகள் எந்த வரிசையிலும் இருக்கலாம். ஒரு வார்த்தைக்கு ஐந்து எழுத்துக்குக் குறையக் கூடாது. அகராதி வரிசையில் எழுதி அனுப்ப வேண்டும். துரைசாணி இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அறுபது கண்டுபிடித்திருந்தார். முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி தேநீருக்கு வந்து, தான் நூறைத் தொட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதிலிருந்து இங்கே தூக்கமில்லை.

"நாளைக்கு தபால் போவுது. எனக்கு நாப்பது வார்த்தை வேணும். முடியுமா?"

"ஈஸி, மேடம்," என்றேன். அந்த வாயை என்ன செய்வது?

அவருடைய பட்டியலைப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. புல், சர்க்கரை, குருவி என்று நல்ல நல்ல வார்த்தைகளை எல்லாம் அவரே எடுத்துக்கொண்டுவிட்டார். எனக்கு மிச்சம் வைத்தது வேண்டாத வார்த்தைகளைத்தான். அகராதியையும் தர மறுத்துவிட்டார். "நீதான் முழுக்கப் படிச்சவனாச்சே" என்றார்.

ஆபீஸில் உட்கார்ந்தால் கங்காணிமார் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கழுத்தறுப்பார்கள். காகிதத்தையும் பெரிய கிளாக்கர் தாள் தாளாக எண்ணி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆகவே நான் போன இடம் ஃபாக்டரியில் பெட்டி ரூம். அங்கே பழனி ஆசாரி அப்போதுதான் இழைத்து முடித்த தேயிலைப் பெட்டி மூடிகள் சுவரோரமாகச் சாய்ந்து நின்றன. செக்கச்செவேலென்று, வழவழவென்று நாற்பது மூடி. ஆசாரி சாப்பாட்டுக்கு, தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போயிருந்தார். சுண்ணக்கட்டி ஜன்னலில் இருந்தது. நாற்பது வார்த்தைக்கு நாற்பது மூடி! ஆண்டவனே எனக்காக ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

மூன்று எழுத்தையும் தரையில் எழுதிக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் நடுவிலும் வேறு எழுத்துகளை ஒட்டிப் பார்ப்பேன். தேறாது. அழிப்பேன். மறுபடி ஒட்டுவேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு வார்த்தை கிடைத்தது. உடம்பெல்லாம் வேர்த்தது. அப்புறம்தான் ஒரு வழி பிடிபட்டது. எழுத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, என் வாழ்க்கையில் நான் கேட்ட, பார்த்த ஆங்கில வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, அதில் இந்த மூன்றும் இருக்கிறதா என்று சோதித்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் என்னை நாள்தோறும் கூப்பிட்ட பெயர் 'ராஸ்கல்'. இருந்தது! ஃபாக்டரியில் எலிக்கு வைக்கும் மருந்து டப்பாவின் மேல் 'ஆர்சனிக்'. அதிலும் இருந்தது. துரை மட்டமான தேயிலையைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுச் சொல்லும் 'டிராஷ்'. சிறுத்தை அடித்த மாட்டைப் பற்றிக் கச்சேரிக்கு நான் நகல் எடுத்த கடிதத்தில் 'கார்கஸ்', அதாவது செத்த மாட்டின் உடம்பு. அப்பாவின் கடைத் தகரங்களிலிருந்து கடுகும் சாளை மீனும். இப்படியே வந்துகொண்டிருந்தன.

ஒரு மூடிக்கு ஒரு வார்த்தை என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அதற்குக் காரணம் உண்டு. புதிதாக ஒரு வார்த்தை கிடைத்தால் மூடியைத் தூக்கி, வரிசையில் அதற்குரிய இடத்தில் செருகிவிடலாம். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் ஆட்களை வரிசைப்படுத்துவது போலத்தான். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நான்கு மணிக்கு நாற்பதும் நின்றன. பார்த்து ஒரே தாளில் எழுதிக்கொண்டு, மழை இருட்டிக்கொண்டு வந்ததால் பங்களாவுக்கு ஓடினேன். மூடிகளை அழிக்கவில்லை. காலையில் அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பெட்டி மூடியில் தோட்டத்தின் பெயரையும் நம்பரையும் போட, தகரத்தில் வெட்டிய அச்சு ஒன்று இருந்தது. அது துருப்பிடித்து உடைந்துபோய், புதிது இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் கிளாக்கர் சுண்ணக்கட்டியால் மூடியில் எழுதிவிடுவார். பழனி ஆசாரி அதன்மேலேயே, எண்ணெயில் குழைத்த கரி மையைத் தூரிகையால் பூசிவிடுவார். ஆசாரிக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது, இங்கிலீஷும் வாசிக்கத் தெரியாது. ஆனால் கோடு மேல் கோடு ஓட்டினால் ஒரு நூல் பிசகாது. அந்த வாரப் பெட்டிகளுக்குப் பெயர் எழுத வேண்டிய கிளாக்கர் நான்தான். அதையும் காலையில்தான் செய்வதாக இருந்தேன். ஆனால் வண்டி கிளம்புவதற்கு முந்தின மாலையே பெட்டி கட்டிவிடுவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பெரட்டு முடிந்து, எட்டு மணிக்கு ஈரத்துணியோடு பெட்டி ரூமுக்குப் போனேன். சுவர் காலியாக இருந்தது.

ஆசாரி மூலையில் உட்கார்ந்து தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பொட்டியெல்லாம் எங்க ஆசாரி?"

"போயிருச்சுங்கய்யா. விடியக்காலையிலயே ரெண்டு வண்டியும் ஏத்தி அனுப்பிட்டோம். பண்டாரவளை ரயிலுக்கு." அவர் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "என்னாங்கய்யா இந்தத் தடவ? எல்லாப் பொட்டிக்கும் ஒரே மாதிரி இருக்கும். நேத்து நாப்பதுக்கும் நாப்பது மாதிரி! கை ஒடிஞ்சு போச்சு. ஆனா ஒண்ணுகூட விடலீங்க."

ஒன்றுகூட விடவில்லை. ஆர்சனிக்கையும் விடவில்லை.

நான் ஓடினேன். தோட்டத்து ரோடு மூன்று மைல் சுற்றிச் சுற்றி இறங்கும். வண்டி மாடுகள் மெதுவாகத்தான் போகும். ஹாலிஎல வளைவில் அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் காட்டுவார்கள். அதே வளைவு வழியாகத்தான் துரை பதுளையிலிருந்து வருவார். யார் முதலில் என்பதுதான் கேள்வி. தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் இறங்கினேன், விழுந்தேன், எழுந்தேன். வேட்டியில் பாதியைச் செடிகளிடம் கொடுத்தேன். அட்டை ஏறியதைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணுக்குள் அப்பாவின் கடைத் தராசு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வண்டிகள் நின்றன. துரை இன்னும் வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்வண்டியின் வாயில், கூண்டுக்கு வெளியே, ரோட்டில் போகிறவர்களைப் பார்த்தபடி பளபளவென்று கறுப்பு எழுத்தில் 'டிராஷ்'. குப்பை. அதற்குப் பக்கத்தில் 'ராஸ்கல்'.

"மாரிமுத்தண்ணே, வண்டியத் திருப்புங்க!"

வண்டிக்கார மாரிமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகப் பார்த்தார். "தொர சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா எப்படிங்க? ரயிலு போயிருச்சுன்னா ஏச்சு எனக்கில்ல விழும்?"

"அப்ப பொட்டியையாவது கவுத்து வைங்க. மூடி கீழ இருக்கட்டும். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

ஒவ்வொரு பெட்டியும் நூறு ராத்தல். எச்சிலைத் தொட்டு அழித்துப் பார்த்தேன். சேற்றைப் பூசிப் பார்த்தேன். சாணியைக்கூடப் பூசினேன். ஆசாரி குழைத்த மை அசையவில்லை. கடைசியில் மாரிமுத்து மனமிரங்கி ஒரு பக்கம் பிடிக்க, மூன்று பெட்டியைக் கவிழ்த்தோம். நான்காவதைப் பாதி தூக்கியிருக்கும்போது குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது.

துரை இறங்கினார். ஒவ்வொரு பெட்டியாக வாசித்தார். பெரட்டில் பெயர் கூப்பிடுவதைப் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். குப்பை. போக்கிரி. செத்த மாடு. விஷம். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. கொழும்பில் ஏலத்துக்குப் போக வேண்டிய தேயிலை அது.

"கிளாக்கர், நீ ஏன் இங்க நிக்கிறே?"

"பொட்டியில பிழை இருக்கிறதப் பார்த்தேன், சார். நிறுத்தலாம்னு ஓடி வந்தேன்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் கேவலம். துரை என் கிழிந்த வேட்டியையும் ரத்தம் வழிந்த காலையும் பார்த்தார்.

"குட் பாய்," என்றார். பிறகு மாரிமுத்துவைப் பார்த்து, "இது யார் பூசினது?"

"பழனி ஆசாரிதாங்க தொர."

"வண்டி திருப்பு. கிளாக்கர், நீ ஆபீஸுக்குப் போ. ஆசாரிக்குப் பத்துச்சீட்டு எழுது."

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு விலக்குகிற சீட்டு. அது கைக்கு வந்தால் அன்றே லயத்துக் காம்பராவைக் காலி செய்துகொண்டு, சட்டி பானையோடும் பிள்ளை குட்டியோடும் ரோட்டில் இறங்க வேண்டும். இப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மூன்று மைலும் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும், அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தோட்டத்து ரோட்டில் எத்தனை வளைவு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆபீஸில் துரை என் எதிரிலேயே உட்கார்ந்தார். பத்துச்சீட்டில் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரையும் எழுத வேண்டும். பழனி ஆசாரி என்று எழுதினேன். மனைவி செல்லம்மாள் என்று எழுதினேன். மூத்த மகன். இரண்டாவது மகன். எழுத்து முத்து முத்தாக வந்தது. பழக்கதோஷம்.

ஆசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படிக்குக் கீழே நின்றார்.

"ஏன் அப்பிடி எழுதினே?" என்று துரை சத்தம் போட்டார்.

ஆசாரி திகைத்துப்போய்த் துரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மைக்கூட்டைப் பார்த்தேன். கிளாக்கர் எழுதியதைத்தான் பூசினேன் என்று அவர் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. கிளாக்கர் எழுதியது தப்பாக இருக்கும் என்பதே அந்த மனிதருக்குத் தோன்றவில்லை.

"எழுத்து கோணிப் போச்சுங்களா தொர?" என்றார். "மழ இருட்டுங்க. கடைசி நாலு பொட்டி வெளக்கு வெளிச்சத்துலதான் பூசினேன். கை கொஞ்சம் பிசகியிருக்கும். எல்லாத்தயும் இழைச்சிட்டு மறுபடி நல்லா எழுதிடறேங்க. பத்துச்சீட்டு மட்டும் வேணாங்க தொர. சின்னப் பொண்ணுக்குக் காச்சலு."

சின்னப் பெண்ணின் பெயரைத்தான் அடுத்து எழுத வேண்டும். பேனா அங்கே நின்றது.

முந்தின நாள் நாற்பது வார்த்தை கண்டுபிடித்தவன் நான். எழுந்து நின்று பார்க்கிறேன், ஒரு இங்கிலீஷ் வார்த்தை வாயில் வரவில்லை. சாரிகூட வரவில்லை.

"நான்தாங்க எழுதினேன்," என்று தமிழில் சொன்னேன். "அவரு மேல தப்பில்லீங்க. சுண்ணக்கட்டியில நான் எழுதி, அழிக்காம விட்டுட்டேன். நான் எழுதினதத்தான் அவரு பூசினாரு."

பிறகு போட்டி, ஏ, ஆர், எஸ், துரைசாணி, நாற்பது என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். துரை பத்துச்சீட்டை என் கையிலிருந்து வாங்கினார்.

"ஹாலிஎலயில ஏன் சொல்லலே?"

அந்தக் கேள்வியை இன்றும் நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சீட்டை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டுப் பங்களாவுக்குப் போனார். அங்கே கணவனும் மனைவியும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது ஃபாக்டரி வரைக்கும் கேட்டது. அந்த வேகத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதது எனக்கே ஆச்சரியமாக இல்லை. துரை திரும்பி வந்து தீர்ப்பைச் சொன்னார். என் மூன்று மாதத்தை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நாற்பது மூடியையும் கழற்றி, நான் என் கையால் இழைக்க வேண்டும். ஆசாரி சொல்கிறபடி செய்ய வேண்டும்.

நான்கு நாள் இழைத்தேன். உள்ளங்கை கொப்புளித்தது. நாற்பதில் எதுவுமே கோணவில்லை என்று ஆசாரியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. ஒவ்வொரு மூடியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் நம்பினார். இரண்டாம் நாள், ஒரு மூடியை இழைக்க விடாமல் பிடித்துக்கொண்டார்.

"இது எவ்வளவு அளவா வந்திருக்கு பாருங்கய்யா. இதுல என்னா எழுதியிருக்கு?"

"குப்பைன்னு எழுதியிருக்கு, ஆசாரி."

அவர் மற்ற மூடிகளைத் திரும்பிப் பார்த்தார். "நாப்பதும் குப்பதானா?"

"இல்ல. ஒண்ணுல வெஷம். ஒண்ணுல செத்த மாடு."

இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, சிரித்தார், சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. நான் இழைத்த அழகைப் பார்த்து, பாதி மூடியை அவரே மறுபடி இழைக்க வேண்டி வந்தது வேறு கதை.

போட்டி முடிவு பல மாதம் கழித்து வந்தது. எங்கள் துரைசாணி பெயரும் இல்லை, பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி பெயரும் இல்லை. இருவரும் சமாதானமாகித் தேநீர் குடித்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகி, இந்தக் கதையை மனைவியிடம் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது ஒரு தப்பைச் செய்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தால், "ஆசாரி நிக்கிறாரு" என்று சொல்வார்கள். ஊறுகாய் ஜாடி உடைந்தாலும் சரி, வேலிக் கதவைத் திறந்துபோட்டு மாடு உள்ளே வந்துவிட்டாலும் சரி, "யாரு செஞ்சது? ஆசாரி நிக்கிறாரு!" என்றதும் செய்தவர் ஒப்புக்கொண்டாக வேண்டும். பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள். அவர்களில் சின்னவன் ஆசாரி என்பதைப் போலீஸ்காரருக்கு இன்னொரு பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் வீட்டில் சொல்லப்படுகிற கதையில், நான் ஹாலிஎல வளைவிலேயே, துரை கேட்ட மாத்திரத்தில், நெஞ்சை நிமிர்த்தி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'குட் பாய்' கிடையாது. பத்துச்சீட்டில் எழுதிய நான்கு பெயர்கள் கிடையாது. அந்த மூன்று மைல் கிடையாது. கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொல்லும்போது அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன். பிறகு திருத்துவதற்கு வேளை வரவில்லை. இந்தக் கட்டுரையில்தான் முதல்தடவையாக முழுதும் எழுதியிருக்கிறேன்.

எழுதி முடித்து நேற்று அவளிடம் வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். மூன்று மைல் வந்த இடத்தில் கத்தியை வைத்துவிட்டாள். வாசித்து முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, என்னை நன்றாகப் பார்த்தாள்.

"அப்ப இத்தன வருசமா ஆசாரி நம்ம வீட்டுல நின்னுக்கிட்டேதான் இருந்தாரா?" என்றாள்.